படிவம் ஐந்துக்குப் பின் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்: ஃபவுண்டேஷன் கல்வியைப் புரிந்துகொள்வோம்

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் ஆசிரியர் அறைக்கு வரும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். "டீச்சர், எட்டு ஏ எடுத்திருக்கா. நேரா இங்கிலாந்து யுனிவர்சிட்டியில சேர முடியாதுங்களா?" என்று ஓர் அம்மா கேட்பார். "சார், ஃபவுண்டேஷன் ஒரு வருசம் படிச்சா சீட்டு கன்ஃபர்ம்னு ஏஜெண்டு சொல்றாரு, நம்பலாமா?" என்று ஓர் அப்பா கேட்பார்.

முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் 'முடியாது'. இரண்டாவதற்கு, 'அப்படியே நம்பிடாதீங்க'. ஆனால் ஏன் என்று விளக்கினால்தான் அந்தக் குடும்பம் யோசித்து முடிவெடுக்கும். ஊழியர் சேமநிதிக் கணக்கிலிருந்து எடுக்கும் பணத்தையும், பிள்ளையின் ஒரு வருடத்தையும் வைத்து எடுக்கப்படும் முடிவு இது. ஆசிரியர்களும் படிவம் 4, 5 மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஏன் இந்தக் கூடுதல் ஆண்டு?

நம் மாணவர் தொடக்கப்பள்ளியில் 6 ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் 5 ஆண்டு, ஆக 11 ஆண்டு படித்து எஸ்.பி.எம். எழுதுகிறார். சிங்கப்பூரில் ஓ-லெவல் வரை பொதுவாக 10 ஆண்டு. இங்கிலாந்து மாணவரோ 13 ஆண்டு பள்ளியில் படித்து, 18 வயதில் ஏ-லெவல் முடித்த பிறகுதான் பல்கலைக்கழகம் போகிறார். அங்கே பெரும்பாலான இளங்கலைப் படிப்புகள் மூன்றே ஆண்டு. முதல் நாள் விரிவுரையாளர், மாணவர்கள் ஏ-லெவல் கணிதமும் இயற்பியலும் முடித்தவர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் பாடத்தைத் தொடங்குவார். எஸ்.பி.எம். மாணவருக்கும் அந்த முதல் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவதுதான் ஃபவுண்டேஷன், அதாவது அடித்தளக் கல்வி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. நம்மிடம் ஏற்கெனவே 'புகுமுக வகுப்பு' என்ற ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ படித்துவிட்டு மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாமல் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் மாணவர், படிவம் 1-க்கு முன் அங்கே ஓராண்டு இருப்பார். அந்த மாணவர் மக்கு என்பதல்ல அதன் பொருள். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு, ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற அவகாசம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். வெளிநாட்டு மாணவருக்கான அடித்தள ஆண்டும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புகுமுக வகுப்பு முடித்தால் படிவம் 1 கட்டாயம் கிடைக்கும். ஃபவுண்டேஷன் முடித்தால் முதலாம் ஆண்டு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இந்தக் கட்டுரையின் மையமே இந்த வேறுபாடுதான்.

அந்த ஓராண்டில் என்ன நடக்கிறது?

பொதுவாக மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது, துறைப் பாடங்கள். பொறியியல், அறிவியல், வணிகம், மனிதவியல் என்று பிரிவு பிரிவாக இருக்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி எனப்படும் யு.சி.எல். நடத்தும் ஆயத்தப் படிப்பு, அறிவியல்-பொறியியலுக்கு ஒன்று, மனிதவியலுக்கு ஒன்று என இரண்டு பிரிவாக உள்ளது. எந்தப் பிரிவில் சேர்கிறோமோ அதற்குரிய பட்டங்களுக்குத்தான் பிறகு போக முடியும். 'சேந்துட்டு அப்புறம் மாத்திக்கலாம்' என்ற கணக்கு இங்கே எடுபடாது.

இரண்டாவது, கல்விசார் ஆங்கிலம். இது பேச்சு ஆங்கிலமும் இல்லை, இலக்கண வினாத்தாளும் இல்லை. நீளமான கட்டுரையை வாசித்து வாதத்தைப் பிரித்தறிவது, விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பது, பலர் கருத்தை மேற்கோள் காட்டித் தன் கருத்தை நிறுவுவது போன்றவை.

மூன்றாவது, படிக்கும் முறை. சிறு குழுக் கலந்துரையாடலில் பேசுவது, ஆய்வக அறிக்கை எழுதுவது, பிறர் எழுத்தைத் திருடாமல் எழுதுவது, காலக்கெடுவைத் தானே நிர்வகிப்பது. நம் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கணிதத்தில் ஏ பிளஸ் எடுத்த பிள்ளைகூட முதல் ஆய்வுக் கட்டுரையில் சறுக்குவதுண்டு. இதைப் பற்றிக் கீழே மீண்டும் பேசுவோம்.

எல்லா ஃபவுண்டேஷனும் ஒன்றில்லை

'ஃபவுண்டேஷன்' என்ற ஒரே பெயரில் பல வகைகள் உலவுகின்றன.

1. உள்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களின் அடித்தளப் படிப்பு. இவை மலேசியத் தகுதிகள் நிறுவனமான எம்.கியு.ஏ.வின் தரத்துக்கு உட்பட்டவை. அதன்படி எஸ்.பி.எம்.-இல் குறைந்தது 5 பாடங்களில் கிரெடிட் வேண்டும். படிப்பு குறைந்தது 50 கிரெடிட் அளவு இருக்க வேண்டும். பெரும்பாலும் ஓராண்டு. முதன்மையாக அதே பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புக்கான வாசல் இது. மற்ற இடங்களுக்குப் போக முடியுமா என்பதைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

2. மலேசியாவில் கிளை வளாகம் வைத்துள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குரியவை. செமினியில் உள்ள நாட்டிங்ஹாம் மலேசியா வளாகம் தானே அடித்தளப் படிப்பை நடத்துகிறது. மோனாஷ் பல்கலைக்கழகத்துக்கான அடித்தள ஆண்டை சன்வே கல்லூரி நடத்துகிறது. வீட்டிலிருந்து சில மணி நேரத் தூரத்தில், ரிங்கிட்டில் கட்டணம் கட்டிப் படிக்கலாம் என்பது இவற்றின் பெரிய வசதி.

3. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அல்லது அதன் கூட்டாளிக் கல்லூரியில் நேரடியாகப் போய்ப் படிப்பது. சில பல்கலைக்கழகங்கள் தாமே நடத்துகின்றன. வேறு சில, காப்லான், இன்டோ, ஸ்டடி குரூப், நாவிடாஸ் போன்ற தனியார் நிறுவனங்களோடு சேர்ந்து நடத்துகின்றன. பல பல்கலைக்கழகங்கள் ஒன்றாக ஏற்கும் படிப்பும் உண்டு. 1987-இல் வட இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய என்.சி.யு.கே. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

4. பெயரில் ஃபவுண்டேஷன் இல்லாவிட்டாலும் அதே வேலையைச் செய்யும் பல்கலைக்கழகத்துக்கு முந்திய தகுதிகள்: ஏ-லெவல், தென் ஆஸ்திரேலியச் சான்றிதழ், கனடாவின் ஒன்டாரியோ மாநிலச் சான்றிதழ், நம் எஸ்.டி.பி.எம்.

பிரிட்டனில் 'இன்டர்நேஷனல் இயர் ஒன்' என்றும் ஒன்று விளம்பரப்படுத்தப்படும். இது வேறு. ஃபவுண்டேஷன் முடித்தவர் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டுக்குப் போவார். இதை முடித்தவர் இரண்டாம் ஆண்டுக்குப் போவார். பொதுவாக எஸ்.பி.எம். மட்டும் வைத்துக்கொண்டு இதில் சேர முடியாது.

"சீட்டு கன்ஃபர்ம்" என்றால் என்ன?

விளம்பரங்களில் 'உறுதியளிக்கப்பட்ட சேர்க்கை' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: குறிப்பிட்ட மொத்த மதிப்பெண், குறிப்பிட்ட பாடத்தில் குறிப்பிட்ட மதிப்பெண், ஆங்கிலத்தில் குறிப்பிட்ட நிலை. இவற்றை எட்டினால்தான் அந்த உறுதி.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவர் சேரும் படிப்பில் தேர்ச்சி மதிப்பெண் 40 என்றும், பொறியியலுக்கு மேற்செல்ல 65 வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அவர் 58 எடுக்கிறார். ஃபவுண்டேஷனில் அவர் தேர்ச்சி. சான்றிதழும் கிடைக்கும். ஆனால் அவர் எதற்காகப் போனாரோ அந்தப் பொறியியல் இடம் கிடைக்காது. அதே பல்கலைக்கழகத்தில் வேறு துறை தரலாம். வேறு பல்கலைக்கழகம் ஏற்கலாம். யாருமே ஏற்காமலும் போகலாம். அந்த நேரத்தில் அவர் கையில் உள்ள சான்றிதழை எத்தனை கதவுகள் ஏற்கும் என்பதுதான் உண்மையான கேள்வி.

இதனால்தான் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், 'பாஸ் பண்ணா எங்க போகலாம்?' என்று மட்டும் கேட்கக்கூடாது. 'நினைச்ச மார்க் வரலன்னா எங்க போகலாம்?' என்றும் கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலில் எஸ்.டி.பி.எம். எங்கே நிற்கிறது? அது ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். பாடம் கடினம் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால் அரசுப் பள்ளியிலேயே மிகக் குறைந்த செலவில் படிக்கலாம். உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கின்றன. ஏ-லெவலும் அப்படித்தான்: ஒரு பல்கலைக்கழகம் மறுத்தால் இன்னொன்றுக்கு அதே சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். மெட்ரிகுலேஷன் முதன்மையாக உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கானது. அதை வைத்து வெளிநாடு போக நினைப்பவர், அந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியென்றால் ஃபவுண்டேஷன் வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்று தெளிவாகத் தெரிந்த மாணவருக்கு, பெரிய ஒற்றைத் தேர்வைவிடத் தொடர் மதிப்பீட்டில் நன்றாகச் செய்பவருக்கு, ஆங்கிலத்தில் கைபிடித்து அழைத்துச் செல்லும் ஆதரவு தேவைப்படுபவருக்கு அது மிக நல்ல வழி. என்ன படிப்பது என்றே இன்னும் முடிவு செய்யாத பதினேழு வயதுப் பிள்ளைக்குத்தான், ஒரே கதவைக் காட்டும் சான்றிதழ் ஆபத்தானது.

விசா, வயது, செலவு

பிரிட்டனின் மாணவர் விசா விதிப்படி, பட்டப்படிப்புக்கு ஆங்கிலத்தில் சி.இ.எஃப்.ஆர். பி2 நிலையும், அதற்குக் கீழுள்ள ஃபவுண்டேஷன் போன்றவற்றுக்கு பி1 நிலையும் வேண்டும். ஃபவுண்டேஷனுக்குப் போகிறவர் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவதாக இருந்தால், விசாவுக்கென்றே உள்ள 'யு.கே.வி.ஐ.' வகைக்குப் பதிவு செய்கிறோமா என்று பார்க்க வேண்டும். வினாத்தாள் ஒரே மாதிரி இருந்தாலும், சாதாரணச் சான்றிதழ் விசாவுக்குப் பயன்படாமல் போகலாம். ஃபவுண்டேஷன் ஒரு நிறுவனத்திலும் பட்டம் இன்னொரு நிறுவனத்திலும் என்றால், இடையில் விசாவுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டிவரும். அதற்கும் செலவு உண்டு.

எஸ்.பி.எம். முடிப்பவருக்குப் பொதுவாக 17 வயது. 18 நிறையாதவர் பிரிட்டன் போக பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் தங்குமிடத்துக்கும் பராமரிப்புக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஏற்பாடு காட்ட வேண்டும். பாதுகாவலர் சேவைக்குத் தனிக் கட்டணம் வாங்கப்படலாம்.

செலவுக் கணக்கில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. 'இங்கிலாந்தில் டிகிரி மூணு வருசம்தான்' என்று மூன்றால் பெருக்குவார்கள். ஃபவுண்டேஷனோடு அது நான்கு. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நான்கு ஆண்டுக்கு. பிரிட்டன் விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணமே மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட். இது 2024 முதல் நடப்பில் உள்ள தொகை. நாணய மாற்று விகிதம் ஏறினால் ரிங்கிட் கணக்கு இன்னும் மேலே போகும். முதல் ஆண்டைச் சமாளித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பணமில்லாமல் நிற்பதுதான் மிகப் பெரிய வேதனை.

படித்து முடித்துத் திரும்பி வருவதையும் யோசிக்க வேண்டும். மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் பட்டம் மட்டுமல்ல, எந்தத் தகுதியோடு அந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தார் என்பதும் பார்க்கப்படும். மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் விதிகளையும், சட்டம் என்றால் சட்டத் தொழில் தகுதி வாரியத்தின் விதிகளையும் சேரும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும்.

முகவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான முகவர்களுக்குச் சம்பளம் தருவது பெற்றோர் அல்ல, மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்வி நிறுவனம். அதில் தவறில்லை, நேர்மையான முகவர்கள் நிறையவே உதவுகிறார்கள். ஆனால் அவர்கள் காட்டும் பட்டியலில் எஸ்.டி.பி.எம். ஏன் இல்லை என்பது இப்போது புரியும். பிரிட்டனில் 2024 தொடக்கத்தில், வெளிநாட்டு மாணவர்கள் குறைந்த மதிப்பெண்ணோடு இப்படிப்புகளின் வழியே 'பின்வாசலால்' நுழைகிறார்கள் என்று சண்டே டைம்ஸ் இதழ் எழுதியது பெரிய விவாதமானது. அதன் பிறகு அங்குள்ள உயர்கல்வித் தர உறுதி அமைப்பு இப்படிப்புகளை ஆராய்ந்தது. அடித்தளப் படிப்பில் சேர்வதும் பட்டப்படிப்பில் சேர்வதும் ஒன்றல்ல என்று பல்கலைக்கழகங்கள் அப்போது விளக்கம் சொன்னதை நம் பெற்றோரும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் வகுப்பறையில் என்ன செய்யலாம்?

ஃபவுண்டேஷனில் கற்பிக்கும் திறன்களில் ஒரு பகுதியை நாம் இப்போதே தமிழ் வகுப்பில் தொடங்கலாம். திறன் ஒரு மொழியில் பதிந்துவிட்டால், இன்னொரு மொழிக்கு எடுத்துப் போவது எளிது.

முதல் பயிற்சி, சொந்த நடையில் எழுதுதல். மாணவருக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்: "1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகு, சுரங்கங்களை நம்பி வளர்ந்த கிந்தா பள்ளத்தாக்குப் பட்டணங்களிலிருந்து இளைஞர்கள் வேலை தேடி வெளியேறினர்."

பலர் இப்படித் திருப்பி எழுதுவார்கள்: "1985-இல் அனைத்துலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்த பின்னர், சுரங்கங்களைச் சார்ந்து வளர்ந்த கிந்தா பள்ளத்தாக்கு நகரங்களிலிருந்து இளையோர் பணி தேடி வெளியேறினர்." சொற்கள்தான் மாறியிருக்கின்றன. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. பள்ளியில் இதற்கு மதிப்பெண் கிடைக்கலாம். பல்கலைக்கழகத்தில் இது எழுத்துத் திருட்டாகக் கருதப்படும்.

எதிர்பார்ப்பது இதுபோன்ற ஒன்று: "ஒரே தொழிலை நம்பி நிற்கும் ஊர், அத்தொழில் விழும்போது தன் இளைஞர்களை இழக்கிறது. 1985 ஈய விலைச் சரிவுக்குப் பின் கிந்தா பட்டணங்களுக்கு நேர்ந்ததை இதற்குச் சான்றாக நூலாசிரியர் காட்டுகிறார்." கருத்தைப் புரிந்துகொண்டு, மூல வரியை மூடிவைத்துவிட்டு எழுதினால்தான் இப்படி வரும். 'புத்தகத்தை மூடிட்டு எழுது' என்பதே இந்தப் பயிற்சியின் விதி.

இரண்டாவது பயிற்சி, 'யார் சொன்னது?' விவாதக் கட்டுரையில் மாணவர் 'ஆய்வுகள் கூறுகின்றன', 'அறிஞர்கள் சொல்கிறார்கள்' என்று எழுதும் இடங்களில் எல்லாம் சிவப்பு மையில் 'யார்? எப்போது?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். ஒரு தவணைக்குள் கட்டுரையின் தோரணையே மாறும்.

மூன்றாவது, மறுத்துப் பேசுதல். நம் பிள்ளைகள் ஆசிரியர் சொன்னதை மறுப்பதை மரியாதைக் குறைவு என்று நினைத்து வளர்ந்தவர்கள். கலந்துரையாடல் வகுப்பில் வாயே திறக்காத மாணவருக்கு மதிப்பெண் குறையும். "நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா இந்த இடத்துல எனக்கு வேற மாதிரி தோணுது" என்று பணிவோடு மறுக்கும் பழக்கத்தை வாரம் பத்து நிமிடம் கொடுத்தாலே போதும்.

பெற்றோரிடம் கொடுக்க ஒரு பட்டியல்

கீழ்க்கண்டவற்றுக்குக் கல்வி நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள்.

1. இதை முடித்தால் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பட்டப்படிப்பில் சேரலாம்?
2. அந்தப் பட்டப்படிப்புக்கு மொத்தமாகவும் பாடவாரியாகவும் எத்தனை மதிப்பெண் வேண்டும்? ஆங்கிலத்தில் எந்த நிலை?
3. சென்ற ஆண்டு இதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் விரும்பிய பட்டப்படிப்புக்குப் போனார்கள்?
4. மதிப்பெண் குறைந்தால் மறுதேர்வு உண்டா? வேறு எந்தப் பல்கலைக்கழகங்கள் இச்சான்றிதழை ஏற்கும்?
5. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணம் ஆண்டுதோறும் ஏறுமா?
6. இடையில் விலகினால் அல்லது விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்?
7. இந்த வழியில் பெறும் பட்டம் மலேசியாவில் அந்தத் தொழிலுக்கு ஏற்கப்படுமா?

மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியலை எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு கொடுப்பதைவிட, படிவம் 4 பெற்றோர் சந்திப்பிலேயே கொடுப்பது நல்லது. விளம்பரத் தாள்கள் வீட்டுக்கு வருவதற்குள் கேள்விகள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.